பழுது நீக்கிய பிறகு நிரல்கள் திறக்க மறுக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக

வெயில்மழை

வணக்கம். விண்டோஸ் 11 மடிக்கணினி. திடீர் திடீரென்று உறைந்து நின்றதால் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து வாங்கினேன். வைரஸ் இருந்தது, நீக்கிவிட்டேன், சிஸ்டத்தையும் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உறைவது நின்றுவிட்டது, வேகமும் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி நிரல்கள் திறக்கவில்லை.

கால்குலேட்டர், போட்டோஸ், செட்டிங்ஸ் ஆகியவற்றைச் சொடுக்கினால் ஒரு சட்டம் தோன்றி, கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. அலுவலகக் கணக்குகளை வைத்திருக்கும் மென்பொருள் "சரியாகத் தொடங்க இயலவில்லை" என்று சொல்லி, சி000007பி என்று முடியும் ஒரு குறியைக் காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் "விண்டோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தீர்களா என்று பாருங்கள்" என்கிறது. கோப்பு சிஸ்டம்32 கோப்புறையில் என் கண்முன்னே இருக்கிறது! வைரஸ் ஸ்கேனரும் அதே செய்தியைத்தான் தருகிறது. பிரவுசரும் நோட்பேட்++ நிரலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகின்றன.

கணக்கு மென்பொருள் இல்லாமல் வேலை நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஓடைமீன்

மன்னிக்கவும், நேராகவே சொல்கிறேன். வைரஸ் வந்துபோன கணினியில் ஒவ்வொரு நிரலாகச் சரிசெய்துகொண்டிருப்பது வீண் வேலை. கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அரை நாள் வேலை, அதன்பின் நிம்மதியாகத் தூங்கலாம்.

நடைவண்டி

சி000007பி எனக்கும் வந்திருக்கிறது. ஏதோ ஒரு டி.எல்.எல். கோப்பு (நிரல்கள் ஓடுவதற்குத் துணையாக ஏற்றிக்கொள்ளும் கோப்பு) காணாமல் போயிருக்கும். டி.எல்.எல். கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் தளங்கள் இருக்கின்றனவே, அங்கிருந்து இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் போன்றவற்றுக்கு, ஸ்டோர் செயலிகள் இருக்கும் விண்டோஸ்ஆப்ஸ் கோப்புறையின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் திறக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பழைய விசைப்பலகை

வெயில்மழை, மேலே சொன்ன எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். குறிப்பாக அந்தக் கடைசி இரண்டையும் தொடவே வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

உங்கள் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. "நிரல்கள் திறக்கவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் எது எப்படித் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தமில்லாமல் மறைவது ஒரு கோளாறு. சி000007பி வேறொரு கோளாறு. கோப்பு இருந்தும் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது மூன்றாவது. ஒரே பழுதுபார்ப்பில் மூன்றும் வந்திருக்கலாம், அதற்காக மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்று இன்னொரு கருவியை மேலே ஓட்டினால் இருக்கும் தடயமும் கலைந்துவிடும்.

எளிதானதில் தொடங்கலாம், டாஸ்க் மேனேஜரில். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் "இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்" என்று ஒரு பகுதி உண்டு. நிரல் எழுதுபவர்கள் பிழை தேடுவதற்காக வைக்கப்பட்டது அது. அங்கே ஒரு நிரலின் பெயரில் உட்கோப்புறை இருந்து, அதற்குள் "டீபக்கர்" என்ற மதிப்பும் இருந்தால், விண்டோஸ் அந்த நிரலை நேரடியாகத் தொடங்காது. டீபக்கரில் எழுதியிருக்கும் நிரலைத் தொடங்கி, வேலையை அதனிடம் ஒப்படைக்கும். வைரஸ்கள் இந்த வழியை நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. ஸ்கேனரின் பெயரை அங்கே எழுதி, தன் கோப்பை டீபக்கராகக் காட்டிவிட்டால் போதும், நீங்கள் ஸ்கேனரைச் சொடுக்கும்போதெல்லாம் வைரஸ்தான் ஓடும். பிறகு யாராவது வைரஸ் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு இந்த வரியை விட்டுவிட்டால், டீபக்கர் இல்லாமல் விண்டோஸ் திண்டாடும். நீங்கள் சொடுக்கிய நிரலின் பெயரைச் சொல்லியே "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று கைவிரிக்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஸ்கேனர் நிறுவத் தேவையில்லாத ஒற்றைக் கோப்பு வகையா? அப்படியானால் அதைப் பிரதி எடுத்து வேறு ஏதாவது பெயர் வைத்துத் திறந்து பாருங்கள். இந்த ரெஜிஸ்ட்ரி பகுதி நிரலின் பெயரை மட்டும்தான் பார்க்கிறது. பெயர் மாறியதும் திறந்தால் சந்தேகமே வேண்டாம்.

நடைவண்டி, நீங்கள் உதவ நினைத்தே சொன்னீர்கள். ஆனால் தனி டி.எல்.எல். தரும் தளங்களில் அந்தக் கோப்பு யார் உருவாக்கியது, எந்தப் பதிப்பு என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. விண்டோஸ்ஆப்ஸ் கோப்புறையோ டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்குக்கு உரியது. உரிமையை மாற்றும்போது அனுமதிகளும் கலைந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்டோர் செயலிகளும் நின்றுபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெயில்மழை

ஒற்றைக் கோப்புதான். பெயரை மாற்றியதும் திறந்துவிட்டது! ஸ்கேன் ஓடுகிறது.

நீங்கள் சொன்ன ரெஜிஸ்ட்ரி பகுதியைத் திறந்து பார்த்தேன். நிறையப் பெயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பழைய விசைப்பலகை

வேண்டாம், வேண்டாம். அங்கே இருக்கும் பெரும்பாலான பெயர்கள் நியாயமானவை. பாதுகாப்பு அமைப்புகளைப் பதிந்துவைக்க விண்டோஸும் வேறு மென்பொருள்களும் அதே இடத்தைப் பயன்படுத்துகின்றன. "டீபக்கர்" என்ற மதிப்பு உள்ளவற்றை மட்டும் தேடுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவியில் "இமேஜ் ஹைஜாக்ஸ்" என்ற பக்கம் அவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டும். கண்டுபிடித்ததும் உடனே அழிக்காமல், எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்பதை முதலில் இங்கே எழுதுங்கள். அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

வெயில்மழை

இரண்டு மட்டுமே இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரின் பெயருக்குக் கீழே ப்ராசெஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலின் பாதை, டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள் "டூல்ஸ்" என்று ஓர் உட்கோப்புறையைச் சுட்டுகிறது. அந்த உட்கோப்புறை இப்போது இல்லை. ஸ்கேனரின் பெயருக்குக் கீழே இருப்பது டெம்ப் கோப்புறையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயர். அந்தக் கோப்பும் இல்லை.

பழைய விசைப்பலகை

அருமை, இரண்டும் இரண்டு கதைகள்.

முதலாவது வைரஸ் செய்தது அன்று. ப்ராசெஸ் எக்ஸ்ப்ளோரர் நல்ல கருவி, அதுவும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்ததுதான். அதில் "டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக" என்று ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இதே டீபக்கர் மதிப்பைத்தான் எழுதும். பழுது பார்த்தவர் தன் கருவிகளைக் கொண்டுவந்து, அந்தத் தேர்வைப் போட்டு, வேலை முடிந்ததும் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார். வரி தங்கிவிட்டது.

இரண்டாவது வைரஸின் வேலைதான். டெம்ப் கோப்புறையில் கண்டபடி பெயர் வைத்த கோப்பு ஸ்கேனருக்கு டீபக்கராக இருக்க வேறு காரணமே இல்லை. இரண்டு டீபக்கர் மதிப்புகளையும் நீக்கிவிடுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யக்கூட வேண்டியதில்லை.

வெயில்மழை

இரண்டுமே திறக்கின்றன. நன்றி ஐயா, மிக்க நன்றி. பெயர் மாற்றி ஓட்டிய ஸ்கேனில் எதுவும் அகப்படவில்லை.

ஓடைமீன்

இப்போதாவது நான் சொன்னதைக் கேளுங்கள். அந்த இரண்டாவது வரி சாதாரண விஷயம் அன்று. ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியில் எழுத வேண்டுமானால் நிர்வாகி உரிமை வேண்டும். அப்படியென்றால் அந்த வைரஸுக்கு நிர்வாகி உரிமை கிடைத்திருக்கிறது. அந்த உரிமையோடு வேறு என்னென்ன செய்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தே ஸ்கேன் செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்ப மாட்டேன்.

பழைய விசைப்பலகை

ஓடைமீன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வங்கிக் கணக்கோ மற்றவர்களின் பணமோ புழங்கும் கணினி என்றால் நானும் புதிதாக நிறுவத்தான் சொல்வேன்.

எப்படி இருந்தாலும் இரண்டு வேலைகளை இன்றே செய்யுங்கள். வேறொரு சுத்தமான கணினியிலோ போனிலோ இருந்து மின்னஞ்சலில் தொடங்கி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பிறகு, வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்கள் தரும் மீட்பு வட்டு ஒன்றை அந்தச் சுத்தமான கணினியிலேயே யூ.எஸ்.பி.யில் தயாரித்து, மடிக்கணினியை அதிலிருந்து பூட் செய்து ஸ்கேன் செய்யுங்கள். அப்போது விண்டோஸ் ஓடாது. விண்டோஸுக்குள் ஒளிந்து ஓடும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்வது கடினம்.

வெயில்மழை

கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன். மீட்பு வட்டிலிருந்து முழு ஸ்கேன் முடித்தேன், சுத்தம் என்கிறது.

புதிதாக நிறுவ எனக்கும் தயக்கமில்லை. ஆனால் கணக்கு மென்பொருளின் உரிமம் இந்தக் கணினியோடு கட்டப்பட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் முதலில் மென்பொருளைத் திறந்து, உரிமத்தை விடுவிக்க வேண்டும். அது திறக்கவே இல்லையே! அதைத் திறக்கும்வரை அழிக்க முடியாத நிலை.

பழைய விசைப்பலகை

சரி, அதையே அடுத்துப் பார்ப்போம். சி000007பி என்பதன் பொருள், ஏற்றப்பட்ட கோப்பின் வடிவம் பொருந்தவில்லை என்பது. நடைமுறையில் பெரும்பாலும் 32 பிட் நிரல் ஒன்றின் கையில் 64 பிட் டி.எல்.எல். கிடைத்திருக்கும், அல்லது நேர்மாறாக நடந்திருக்கும். டி.எல்.எல். அறவே காணவில்லையென்றால் வேறு குறி வரும், சி0000135. அல்லது விசிரன்டைம்140 போன்ற டி.எல்.எல். இல்லை என்று பெயரைச் சொல்லியே கேட்கும். ஆக உங்கள் கணினியில் ஏதோ ஒரு டி.எல்.எல். இருக்கிறது, இருக்கக் கூடாத வடிவத்தில் இருக்கிறது.

வழக்கமான மருந்து, இப்படிப் பல நிரல்களுக்குப் பொதுவான டி.எல்.எல். கோப்புகளைத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி மீண்டும் நிறுவுவது. 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே தொகுப்புதான். எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் நிறுவ வேண்டும். "என்னுடையது 64 பிட் விண்டோஸ், எக்ஸ்86 எதற்கு" என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 32 பிட் நிரல்களுக்கு அதுதான் உயிர்.

நிறுவிவிட்டுச் சொல்லுங்கள்.

வெயில்மழை

இரண்டையும் நிறுவி மறுதொடக்கமும் செய்தேன். அதே குறி, அதே செய்தி. கணக்கு மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவப் பயமாக இருக்கிறது, உரிமம் போய்விடுமோ என்று.

பழைய விசைப்பலகை

நீக்க வேண்டாம். கணக்கு மென்பொருளின் கோப்புறையைத் திறந்து, "டீடெய்ல்ஸ்" காட்சியில் வைத்து, திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பழுதுபார்க்கக் கொடுத்த காலத்தில் புதிதாக முளைத்த டி.எல்.எல். ஏதாவது இருக்கிறதா? தேதி பழையதாகக் காட்டினாலும் "உருவாக்கிய தேதி" என்ற பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். வேறிடத்திலிருந்து பிரதி எடுத்த கோப்பு திருத்திய தேதியில் பழையதாகவும், உருவாக்கிய தேதியில் புதியதாகவும் நிற்கும்.

வெயில்மழை

இருக்கிறது! விசிரன்டைம்140 என்று ஒன்று. திருத்திய தேதி பல ஆண்டுகளுக்கு முந்தையது, உருவாக்கிய தேதி பழுதுபார்க்கப் போயிருந்த அதே வாரம். மற்ற எல்லாக் கோப்புகளும் நான் மென்பொருளை நிறுவிய நாளைக் காட்டுகின்றன.

பழைய விசைப்பலகை

அதுதான். ஒரு நிரல் தனக்குத் தேவையான டி.எல்.எல். கோப்பைத் தேடும்போது முதலில் தன் சொந்தக் கோப்புறையில் பார்க்கும். அங்கே கிடைத்துவிட்டால் விண்டோஸின் கோப்புறைகளுக்குப் போகவே போகாது. நீங்கள் சரியான தொகுப்பை எத்தனை முறை நிறுவினாலும் அது விண்டோஸின் கோப்புறைக்குத்தான் போகிறது. நிரலோ வாசலிலேயே கிடக்கும் தவறான கோப்பை எடுத்துக்கொண்டு விழுந்துவிடுகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் சிஸ்இன்டர்னல்ஸின் சிக்செக் கருவி அந்தக் கோப்பு 32 பிட்டா 64 பிட்டா என்பதையும், கையொப்பம் இருக்கிறதா என்பதையும் சொல்லும்.

அந்தக் கோப்பை அழிக்காமல் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். பிறகு மென்பொருளைத் திறங்கள்.

வெயில்மழை

திறந்துவிட்டது!! கணக்குகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன, உரிமமும் இருக்கிறது. சிக்செக் அந்தக் கோப்பை 64 பிட் என்கிறது, கணக்கு மென்பொருளோ 32 பிட். உடனே தரவுகளை வெளி வட்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டேன். இப்போதுதான் மூச்சு வருகிறது.

நடைவண்டி

இதைப் படித்த பிறகுதான் புரிகிறது. நான் சொன்னதைத்தான் பழுது பார்த்தவரும் செய்திருக்கிறார் போலும். ஒரு சந்தேகம் அண்ணா. சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பவை 32 பிட் கோப்புகள்தானே? அங்கே போட்டால் இந்தக் கோளாறு வராதல்லவா?

பழைய விசைப்பலகை

தம்பி, பெயர் அப்படி ஏமாற்றுகிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பவை 32 பிட் கோப்புகள். பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றாமல் விட்டார்கள். தெரியாமல் மாற்றிப் போட்டு, ஒரு நிரலுக்குப் பதில் பத்து நிரல்களை நிறுத்திவிடுபவர்கள் நிறைய. கையால் எடுத்துப் போடாமல் தொகுப்பை நிறுவுங்கள் என்று தலைபாடாகச் சொல்வது அதனால்தான்.

பனித்துளி

ஐயா, இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். என் சிக்கலும் இதைப் போன்றதுதான். "ரீசெட் திஸ் பிசி" கொடுத்து, என் கோப்புகளை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். என் நிரல்கள் எல்லாம் டி டிரைவில் நிறுவியவை. கோப்புறைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் உள்ளே போய்ச் சொடுக்கினால் சில திறக்கின்றன, பல திறக்கவில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்றை ஓட்டினால் சரியாகும் என்கிறார்கள். ஓட்டலாமா?

பழைய விசைப்பலகை

ஓட்ட வேண்டாம் ஐயா. இங்கே கெட்டுப்போனது எதுவும் இல்லை. அந்த ரீசெட் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் வைத்துக்கொள்ளும், நிறுவிய நிரல்களை வைத்துக்கொள்ளாது. டி டிரைவில் இருப்பது நிரலின் கோப்புகள் மட்டும். அது எழுதிவைத்த ரெஜிஸ்ட்ரி விவரங்கள், பின்னணிச் சேவைகள், விஷுவல் சி++ தொகுப்புகள் எல்லாம் சி டிரைவில் இருந்தன, ரீசெட்டோடு போய்விட்டன. நிறுவத் தேவையில்லாத நிரல்கள் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் சொந்தக் கோப்புறையிலேயே வைத்திருக்கும், அவைதான் இப்போது உங்களுக்குத் திறக்கின்றன. மற்றவற்றை மீண்டும் நிறுவத்தான் வேண்டும். டெஸ்க்டாப்பில் "ரிமூவ்டு ஆப்ஸ்" என்று ஒரு கோப்பு இருக்கும் பாருங்கள். எவையெல்லாம் நீக்கப்பட்டன என்ற பட்டியல் அதில் இருக்கிறது. நிறுவுவதற்கு முன் டி டிரைவில் உள்ள பழைய கோப்புறைகளின் பெயரை மாற்றிவிடுங்கள், அமைப்புகளும் தரவும் அதற்குள் இருக்கக்கூடும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. தேவையற்ற வரி எது, தேவையான வரி எது என்று அந்தக் கருவி ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும். எனக்கு அவற்றின்மீது அறவே நம்பிக்கை கிடையாது.

பனித்துளி

பட்டியல் கிடைத்தது ஐயா. ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்குகிறேன். நன்றி.

முற்றம்

என் தங்கையின் கணினியில் இன்னும் மோசம். எந்த நிரலைச் சொடுக்கினாலும் "எதில் திறக்க வேண்டும்" என்று கேட்கிறது. எல்லா ஐகான்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. வைரஸை நீக்கிய பிறகுதான் இப்படி.

பழைய விசைப்பலகை

எக்ஸி கோப்புகளை, அதாவது நிரல்களை, எப்படித் திறப்பது என்று விண்டோஸுக்குச் சொல்லும் தொடர்பு அறுந்திருக்கிறது. சேஃப் மோடில் "கமாண்ட் ப்ராம்ப்ட்" உள்ளதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் பெயரைத் தட்டச்சு செய்து தொடங்கும் நிரல்கள் அந்தத் தொடர்பைக் கேட்காமலேயே ஓடும். எனவே அங்கிருந்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்கலாம். கிளாஸஸ் ரூட் பகுதியில் எக்ஸி நீட்சியின் இயல்பு மதிப்பு "எக்ஸிஃபைல்" என்று இருக்க வேண்டும். எக்ஸிஃபைல், ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று உள்ளே போனால், அங்கே மேற்கோள் குறிக்குள் சதவீதக் குறியும் 1-உம், பிறகு ஓர் இடைவெளி, சதவீதக் குறி, நட்சத்திரக் குறி. இவ்வளவுதான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது கோப்பின் பெயர் அங்கே இருந்தால் அது வைரஸ் எழுதியது.

அதைச் சரிசெய்தும் மாறவில்லையென்றால் கரண்ட் யூசர் பகுதியில், சாஃப்ட்வேர், கிளாஸஸ் என்பதற்குள் எக்ஸி நீட்சிக்குத் தனியாக ஒரு பதிவு இருக்கும். வழக்கமாக அங்கே அப்படி ஒன்று இருக்கவே கூடாது. அந்தப் பயனருக்கு மட்டும் பொதுவான அமைப்பை அது மறைத்துவிடுகிறது. நீக்கிவிடுங்கள். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள், வெயில்மழையின் மூன்றாவது சிக்கல் இன்னும் பாக்கி இருக்கிறது.

முற்றம்

கரண்ட் யூசர் பகுதியில்தான் ஒளிந்திருந்தது. நீக்கியதும் ஐகான்கள் திரும்பிவிட்டன. நன்றி.

வெயில்மழை

ஆம் ஐயா, கால்குலேட்டர், போட்டோஸ், செட்டிங்ஸ் இன்னும் அப்படியே. இதற்கிடையில் எஸ்.எஃப்.சி. ஸ்கேன் செய்தேன், எந்தக் குறையும் இல்லை என்கிறது. டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையும் வெற்றி என்றே முடிந்தது.

பழைய விசைப்பலகை

அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தேன். எஸ்.எஃப்.சி. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. குறை கண்டால் நல்ல பிரதியை விண்டோஸின் உள்சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுகிறது. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்வது டிஸ்மின் வேலை. உங்கள் கோப்புகள் சிதையவில்லை. வேறெங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ், ஆர் விசைகளை அழுத்தி நெட்பிஎல்விஸ் (netplwiz) என்று கொடுங்கள். செட்டிங்ஸ் திறக்காமலேயே புதிய பயனர் கணக்கு உருவாக்க அது உதவும். அந்தக் கணக்கில் நுழைந்து கால்குலேட்டரைத் திறந்து பாருங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில், நீங்கள் சொடுக்கிய அதே நேரத்தில் 5973 என்ற எண்ணோடு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியைச் சுருக்காமல் எழுதுங்கள்.

வெயில்மழை

புதிய கணக்கிலும் திறக்கவில்லை. 5973 இருக்கிறது. செயலியைத் தொடங்க முடியவில்லை, "அணுக்கம் மறுக்கப்பட்டது" என்கிறது.

பழைய விசைப்பலகை

புதிய கணக்கிலும் அதே நிலை என்றால் உங்கள் பயனர் விவரங்களில் கோளாறு இல்லை, கணினி முழுவதற்குமான ஏதோ ஒன்று. அணுக்கம் மறுக்கப்பட்டது என்றால் அனுமதி. சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையின் ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி பக்கத்தைத் திறங்கள். எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். பெயர்ப் பட்டியலில் "ஆல் அப்ளிகேஷன் பேக்கேஜஸ்" என்று ஒரு குழு இருக்கிறதா? விண்டோஸ் கோப்புறையிலும் அதையே பாருங்கள்.

வெயில்மழை

இரண்டிலும் இல்லை. நண்பரின் கணினியில் பார்த்தேன், அங்கே இரண்டிலும் இருக்கிறது.

பழைய விசைப்பலகை

காரணம் கிடைத்துவிட்டது. கால்குலேட்டர், போட்டோஸ் போன்ற ஸ்டோர் செயலிகள் சாதாரண நிரல்களைப் போல உங்கள் முழு உரிமையோடு ஓடுவதில்லை. அவற்றை விண்டோஸ் ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுகிறது. வேலிக்குள் இருப்பவை விண்டோஸ் கோப்புறையையும் ப்ரோகிராம் ஃபைல்ஸையும் ரெஜிஸ்ட்ரியின் சில பகுதிகளையும் படிக்க வேண்டுமென்றால் இந்தக் குழுவுக்குப் படிக்கும் அனுமதி இருக்க வேண்டும். "அனுமதிகளைப் பழையபடி ஆக்குகிறேன்" என்று சொல்லும் சில கருவிகள் நிர்வாகிகள், பயனர்கள் என்று பழைய விண்டோஸில் இருந்த குழுக்களை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகின்றன. அதனால்தான் உங்கள் பிரவுசரும் நோட்பேட்++ நிரலும் ஓடுகின்றன, ஸ்டோர் வகைச் செயலிகள் மட்டும் நிற்கின்றன.

கையால் அந்தக் குழுவைச் சேர்க்கலாம். ஆனால் கோப்புறையின் உரிமையை மாற்ற வேண்டிவரும், ரெஜிஸ்ட்ரியிலும் எங்கெங்கே விடுபட்டது என்று தேட வேண்டிவரும். ஓர் இடம் தவறினாலும் வேறு ஏதாவது அடைத்துக்கொள்ளும். நான் சொல்வது, விண்டோஸ் 11 நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. வடிவில் இறக்குங்கள். அதிலிருந்து பூட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே அதை இருமுறை சொடுக்கித் திறந்து, செட்டப் நிரலை ஓட்டுங்கள். "கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு இருக்கும். விண்டோஸ் தன் கோப்புறையைப் புதிதாகக் கட்டி, உங்கள் நிரல்களை அதன்மேல் அமர்த்தும். நிறுவல் கோப்பின் மொழியும் பதிப்பும் இப்போது இருப்பதோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேர்வு மங்கலாகக் கிடக்கும். அப்படி மங்கலாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், மேலே போக வேண்டாம். வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை வெளியே எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கணக்கு மென்பொருளின் உரிமத்தையும் முதலில் விடுவித்துக்கொள்ளுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

ஓடைமீன்

உரிமத்தை விடுவித்த பிறகு முழுவதும் அழித்தே நிறுவலாமே? தடையே அதுதானே?

வெயில்மழை

யோசித்தேன் ஓடைமீன். மீட்பு வட்டின் ஸ்கேன் சுத்தமாக வந்ததால் இப்போதைக்கு ஐயா சொன்ன வழியில் போகிறேன். மாதக் கணக்கை முடித்துக் கொடுத்த பிறகு, நீங்கள் சொன்னபடி முழுவதும் அழித்து நிறுவிவிடுவேன். அதுவரை இந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்வதில்லை.

ஓடைமீன்

அது போதும். சரியான முடிவு.

கீற்று

பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். இந்த மேல்நிறுவல் முடிந்த பிறகு எனக்கு ஒரு பழைய நிரல், தான் ஓடத் தேவையான .நெட் ஃபிரேம்வொர்க் என்ற மைக்ரோசாஃப்ட் தொகுப்பின் 3.5 பதிப்பைக் கேட்டது. 4.8 இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது 3.5-க்கு மாற்று அன்று. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 3.5-ஐத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸே இறக்கிக்கொள்ளும்.

வெயில்மழை

முடிந்தது. கால்குலேட்டர், செட்டிங்ஸ் இரண்டும் திறக்கின்றன. செக்யூரிட்டி பக்கத்தில் அந்தக் குழுவும் வந்துவிட்டது. கணக்கு மென்பொருளில் உரிமத்தை மீண்டும் ஏற்றிவிட்டேன், ஓடுகிறது. போட்டோஸ் மட்டும் இன்னும் மறைந்துவிடுகிறது. ஸ்டிக்கி நோட்ஸும் அப்படியே.

பழைய விசைப்பலகை

அனுமதி திரும்பிவிட்டதால் இனி அது அந்த இரண்டு செயலிகளின் சொந்தச் சிக்கல். செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், செயலியின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறங்கள். அங்கே "ரிப்பேர்", "ரீசெட்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ரிப்பேர் தரவைத் தொடாது. ரீசெட் அந்தச் செயலியின் தரவு முழுவதையும் அழித்துவிடும். போட்டோஸுக்கு ரீசெட் கொடுத்தாலும் படங்கள் போகாது, அவை வேறு கோப்புறையில் இருக்கின்றன. ஸ்டிக்கி நோட்ஸ் அப்படி இல்லை. குறிப்புகள் செயலிக்குள்ளேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்திருக்காவிட்டால் ரீசெட்டோடு அழிந்துவிடும். ரிப்பேர் மட்டும் கொடுங்கள்.

வெயில்மழை

ரிப்பேரில் ஸ்டிக்கி நோட்ஸ் திரும்பிவிட்டது, குறிப்புகளும் இருக்கின்றன. போட்டோஸுக்கு ரிப்பேர் போதவில்லை, ரீசெட் கொடுத்ததும் திறந்தது.

டெஸ்க்டாப்புக்கு நகர்த்திய அந்த டி.எல்.எல். இன்னும் அங்கேயே இருக்கிறது. அழித்துவிடலாமா? சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு கோப்புறையும் புதிதாக வந்திருக்கிறது.

பழைய விசைப்பலகை

டி.எல்.எல். கோப்பை அழித்துவிடுங்கள், அதனால் யாருக்கும் பயன் இல்லை. விண்டோஸ்.ஓல்டு கோப்புறையைத் தொட வேண்டாம். முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் அது வேண்டும். 10 நாளில் விண்டோஸே நீக்கிவிடும். சிஸ்டம் ப்ரொடெக்ஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, அணைந்திருந்தால் இயக்கி, பின்னால் கோளாறு வந்தால் இன்றைய நிலைக்குத் திரும்ப இப்போதே ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள்.

வெயில்மழை

அணைந்துதான் இருந்தது. இயக்கி, ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்கிவிட்டேன். இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன்.